தாத்தாவின் முந்திரிக்காடு

பட்டுத் தறிகளுக்குப் பெயர் பெற்றது எங்கள் ஐயம்பேட்டை. தறியைப் பற்றி எழுதுவோர் பலர். ஆதலால் என் தாயாரின் பிறந்தகமான பண்ணுருட்டிப் பக்கத்து முந்திரிக்காட்டைப் பற்றி எழுதுகிறேன்.

முந்திரியின் தாயகம் பிரேசில். பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் இதை நம் நாட்டிற்குக் கொண்டு வந்தனர். முந்திரிப்பழம் என நாம் உண்பது உண்மையில் கனியன்று. பருத்த காம்பே ஆகும். நுனியில் தொங்கும் கொட்டையே தாவரவியல்படி கனி. அதன் ஓட்டிலுள்ள எண்ணெய் தோலைப் புண்ணாக்கும். கொட்டை உடைக்கும் பெண்களின் கருத்த விரல்களே இதற்குச் சான்று.

தாத்தா விதை ஊன்றி வளர்த்த காடு அது. தை மாதம் பூத்து, பங்குனி, சித்திரையில் கொட்டை உதிரும். அந்த வருவாயில்தான் என் தாயாரின் திருமணம் நடந்தது. 2011 டிசம்பர் 30 அன்று கரை கடந்த தானே புயல் இரண்டு மரங்கள் நீங்கலாக யாவற்றையும் வேரோடு சாய்த்தது. விறகே அவ்வாண்டின் அறுவடை.

பின்னர் மாமா ஒட்டுக்கன்றுகள் நட்டார். முந்திரியில் அயல் மகரந்தச் சேர்க்கை மிகுதி. எனவே விதைக்கன்று தாய்மரம் போலவே காய்க்கும் எனக் கூற இயலாது. ஒட்டுக்கன்றோ தாயின் குணத்தை அப்படியே பெறும். மூன்றாம் ஆண்டிலேயே காய்க்கத் தொடங்கும். விருத்தாசலம் மண்டல ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட வி.ஆர்.ஐ. 3 அத்தகைய ரகம். ஏழு மீட்டர் இடைவெளியில் ஹெக்டேருக்குச் சுமார் 200 மரங்கள் நடலாம்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். என் கட்டணத்தில் ஒரு பகுதி அந்த ஒட்டு மரங்கள் தந்ததே. எனினும், ஒரே தாயின் மரங்களுக்குப் பலம் மட்டுமன்று, பலவீனமும் ஒன்றே. ஒன்றைத் தாக்கும் நோய் அனைத்தையும் தாக்கக்கூடும். ஆகவே, புயலுக்குத் தப்பிய தாத்தாவின் இரு மரங்களையும் வெட்ட வேண்டாமென மாமாவிடம் கூறியுள்ளேன். வகுப்பில் கற்றதைக் கொண்டு நான் அக்காட்டிற்குச் செய்த முதல் உதவி இதுவே.