அறிஞர் சபையும் கிராம சபையும்

கணினியிலும் கைப்பேசியிலும் வரும் செய்தியைப் பார்வையற்றவரும் காது கேளாதவரும் பிறர் துணையின்றி அறிந்துகொள்ளச் செய்வது எவ்வாறு என்பதை ஆராய்வதற்கென்றே உலகில் மாநாடுகள் நடைபெறுகின்றன. விளாத்திகுளம் கரிசலில் மிளகாயும் பருத்தியும் விளைவிக்கும் நமக்கு அவற்றால் ஆவதென்ன என்று அன்பர்கள் கேட்கலாம். ஆவது உண்டு.

1994ஆம் ஆண்டில் 'அசெட்ஸ்' என்னும் இத்துறை மாநாடு அமெரிக்காவில் முதன்முறையாகக் கூடிற்று. டி.வி. ராமன் என்னும் இந்திய அறிஞர், பேராசிரியர் டேவிட் கிரீஸுடன் சேர்ந்து எழுதிய கட்டுரை அதில் இடம்பெற்றது. ராமன் புனே நகரில் பிறந்தவர். பதினான்காம் வயதில் பார்வையை இழந்தவர். கடினமான கணிதச் சமன்பாடுகளையும் கணினி வாய்விட்டுப் படிக்கும் முறையை அவர் வகுத்தார். வரிக்கு மேலே ஏறி நிற்கும் அடுக்குக்குறியைக் குரலின் மாற்றத்தாலேயே உணர்த்தினார். இஃது இயன்றது எங்ஙனம்? அவருடைய கருவி தாளின் படத்தைக் கொண்டு வேலை செய்யவில்லை. எழுத்தாகப் பதிந்த மூலத்தையே எடுத்துக்கொண்டது.

இம்மாநாடுகளில் கட்டுரை படிப்போர் கடைப்பிடிக்க வேண்டிய நெறி ஒன்று உண்டு. திரையில் வரைபடத்தைக் காட்டி, "இதோ பாருங்கள்" என்று கடந்து போகலாகாது. அதில் உள்ளதை வாயால் விளக்க வேண்டும்.

இனி நம் ஊர்களுக்கு வருவோம். பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசி நாளைத் தெரிவிக்கும் சுற்றறிக்கையைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவது வழக்கமாகிவிட்டது. பார்வையற்ற விவசாயியின் கைப்பேசியோ பெரும்பாலும் 'படம்' என்று மட்டும் சொல்லி நின்றுவிடுகிறது. மானாவாரி நிலத்தில் மழை பொய்த்த பின்பு, நாள் கடந்ததை அறிந்து அவருக்கு என்ன பயன்? தண்டோரா ஒழிந்தது நன்றே. ஆயினும் அது காதுக்குச் செய்தி சொல்லிற்று.

தட்டச்சு செய்து அனுப்பினாலும் ஓர் இடர் உண்டு. ஒருங்குறியில் அல்லாத பழைய எழுத்துருவாயின், திரைவாசிப்பான் பொருளற்ற ஒலிகளையே எழுப்பும். தமிழ்நாடு அரசு 2010ஆம் ஆண்டிலேயே ஒருங்குறியைத் தரமாக ஏற்றுக்கொண்டது. ஆஸ்திரேலியாவில் பார்வையற்றவரான மைக்கேல் கரன் 2006இல் தொடங்கிய என்.வி.டி.ஏ. என்னும் திரைவாசிப்பான் தமிழும் படிக்கும், விலையில்லாமலே கிடைக்கும்.

உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினர்களாக நியமிக்க 2025இல் நமது சட்டமன்றம் வழிசெய்தது. அவ்வாறு வரும் உறுப்பினர் பார்வையற்றவராயின், நிகழ்ச்சி நிரலைப் பிறர் படித்துச் சொல்லக் காத்திருப்பது முறையாகுமா? கிராம சபையிலும் கணக்குப் பலகையைச் சுட்டி, "இதற்கு இவ்வளவு" என்று கூறாமல், தெருவிளக்குக்கு எத்தனை ரூபாய், குடிநீர்க் குழாய்க்கு எத்தனை ரூபாய் என்று பெயரும் தொகையும் சேர்த்து வாசிக்க வேண்டும்.

அடுத்த கூட்ட அறிவிப்பை ஊராட்சிச் செயலர் முதலில் தமக்கே அனுப்பிக்கொள்ளட்டும். கைப்பேசியில் 'டாக்பேக்' வசதியை இயக்கி, திரையைப் பாராமல் கேட்கட்டும். நாள், நேரம், இடம் மூன்றும் தெளிவாகக் காதில் விழுந்தால் ஊருக்கு அனுப்பலாம்.