எந்த ஆப்பிரிக்க மீனை வாங்குவது?

ஞாயிற்றுக்கிழமை கொளத்தூர் மீன் கடைகளில் கொஞ்ச நேரம் நின்றால் போதும், கல்லூரிப் பிள்ளைகள் ஆப்பிரிக்க சிக்லிட் மீன் வாங்கும் லட்சணம் தெரிந்துவிடும். ஒருவன் வீடியோவில் பார்த்த நிறத்தைத் தேடுகிறான். இன்னொருவனின் அப்பா "குஞ்சு போட்டா காசு வருமா?" என்று கேட்டுவிட்டு, கடைக்காரர் நீட்டும் பையை வாங்கித் தருகிறார். தொட்டி எத்தனை அடி, வீட்டுத் தண்ணீர் எப்படி என்ற பேச்சே எழுவதில்லை.

சாதுவானவை எவை என்பது ஓரளவு எல்லோருக்கும் தெரியும். மலாவி ஏரியின் எல்லோ லேப், டாங்கனிக்கா ஏரியில் நத்தை ஓட்டுக்குள் குடியிருக்கும் மல்டி, நைஜீரிய ஆறுகளின் கிரிபென்சிஸ். கிரிபென்சிஸுக்கு ஒரு கொட்டாங்குச்சியைக் கவிழ்த்து வைத்தால் அதற்குள் முட்டையிடும். தண்ணீர் அமிலமாக இருந்தால் ஆண் குஞ்சுகளும் காரமாக இருந்தால் பெண் குஞ்சுகளும் மிகுதியாக வரும்.

நான் தடுக்க நினைப்பது 'ஆப்பிரிக்கன் மிக்ஸ்' என்று பத்து நிறங்களைக் கலந்து விற்கும் பையை. ஓர் அங்குலக் குஞ்சாக இருக்கும்போது எல்லாமே சாதுதான். அந்தப் பையில் மஞ்சளில் கறுப்புக் கோடு போட்ட ஆரட்டஸைப் பார்த்து மயங்காதவர் இல்லை. வளர்ந்ததும் ஆண் கறுத்துப்போகும், தொட்டி முழுவதும் தனக்கே என்று மற்றவற்றை மூலைக்கு விரட்டும், சிலவற்றைக் கொன்றும் போடும். "நிறைய போடுங்க, சண்டை குறையும்" என்பார் கடைக்காரர். பொய்யில்லை. ஆனால் அது பெரிய தொட்டி, வலுவான ஃபில்டர், வாராவாரம் தண்ணீர் மாற்றும் கை மூன்றும் உள்ளவருக்கான வழி. இரண்டடித் தொட்டியில் செய்தால் அமோனியா ஏறி எல்லாம் மிதக்கும். தப்பியவை இனம் கலந்து குஞ்சு போட்டால், அதற்கு என்ன பெயர் சொல்லி விற்பது? விவரம் தெரிந்தவர் வாங்கமாட்டார். அப்பா கேட்ட காசும் வராது.

என் ஓட்டு மல்டிக்குத்தான். ஓரவஞ்சனை என்றாலும் சரி. நன்றாக வளர்ந்த ஆணே இரண்டு அங்குலத்தைத் தாண்டாது என்பதால் இரண்டடித் தொட்டி தாராளம். வாளியில் வெள்ளை படிய வைக்கும் நம் போர் தண்ணீர், உப்புக் கரிக்காதவரை, அதற்கு ஒத்துப்போகும். டாங்கனிக்கா ஏரித் தண்ணீரும் காரமானதுதான், பிஎச் 9-ஐ நெருங்கும். மணலை இரண்டு அங்குலம் பரப்பி, வயல் நத்தை ஓடுகளைக் கொதிக்கவைத்துப் போடுங்கள். அவையே மணலைத் தோண்டி, ஓட்டைப் புதைத்து, வாசல் வைத்துக்கொள்ளும். குஞ்சுகள் பெரியவற்றோடு கூட்டமாகவே வளரும். கடைகளில் எளிதில் கிடைக்காது, வளர்ப்பவர்களிடம்தான் விசாரிக்க வேண்டும்.

நிறம் மட்டும் போதும் என்பவருக்கு மல்டி சலித்துவிடும். அவர் எல்லோ லேப் மட்டும் வளர்க்கட்டும். தாய் மூன்று, நான்கு வாரம் வாயில் முட்டையும் பிறகு குஞ்சுமாகச் சாப்பிடாமல் கிடக்கும். பொறுக்காமல் வலையோடு துரத்தினால் துப்பிவிடும். எதை வாங்கினாலும் புதுத் தொட்டியை நன்றாகப் பழக்கிய பிறகே மீன் விடுங்கள். கடையில் இனத்தின் பெயரைக் கேளுங்கள். "எல்லாம் ஒண்ணாச் சேரும் சார்" என்று மட்டும் பதில் வந்தால் வெறுங்கையோடு வீட்டுக்குப் போங்கள்.