குடி நின்றும் குரல் நிற்கவில்லையே?

கேள்வி: குடிக்காக என் கணவரை மறுவாழ்வு மையத்தில் சேர்த்து ஆறு வாரமாகிறது. காதில் யாரோ திட்டுவதாகச் சொல்கிறார். சோற்றை மோந்து பார்த்துத்தான் சாப்பிடுகிறார். வீட்டுக்கு வர நாடகம் போடுகிறார் என்கிறார் மாமியார். அப்படியா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: நாடகமாகத் தெரியவில்லை, சகோதரி. குடியை நிறுத்திய முதல் சில நாட்களில் கை நடுங்கும், இல்லாத பூச்சி ஊரும், குரலும் கேட்கும். பெரும்பாலும் ஒரு வாரத்தில் அடங்கிவிடும். குடியால் வந்த மனச்சோர்வும் பலருக்கு மூன்று நான்கு வாரத்தில் குறையும். ஆறு வாரமாகியும் குரலும் சந்தேகமும் போகவில்லை என்றால், குடிக்குப் பின்னால் தனியாக ஒரு மனநோய் இருக்கலாம். அந்தக் குரலை அமுக்கவே குடிப்பவர்களும் உண்டு. வீட்டார் கண்ணுக்குப் பாட்டில் மட்டும்தான் தெரியும்.

இதற்குக் கவுன்சலிங் மட்டும் போதாது, மனநல மருத்துவர் பார்க்க வேண்டும். குடியை விடுவதற்கான டைசல்பிரம் மாத்திரை கொடுக்கிறார்களா என்றும் விசாரியுங்கள். சிலருக்கு அதுவே இந்தத் தொல்லையைக் கிளப்பும். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். 'செத்துப் போ' என்று குரல் சொல்கிறதா என அவரிடம் நேராகவே கேளுங்கள். ஆமென்றால் அன்றைக்கே அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். யோசனை கேட்க 14416 என்ற இலவச எண் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம்.