கட்டளை பாதியில் நின்றுவிட்டதா? சிக்வின் பழகுவோருக்கு முழுமையான வழிகாட்டி

அந்தமானில் எது நின்றாலும் முதல் பழி நெட் மேல்தான். சென்னையையும் தீவுகளையும் இணைக்கும் சுமார் 2,300 கி.மீ. கடலடி கேபிள் 2020 ஆகஸ்ட் 10 அன்று திறக்கப்படும்வரை செயற்கைக்கோளையே நம்பி இருந்தவர்கள் நாம். பழக்கம் விடாது. ஆனால் விண்டோஸில் சிக்வினோ கிட் பாஷோ போட்டு யூனிக்ஸ் கட்டளை பழகுபவர்களுக்கு, நெட்டுக்குச் சம்பந்தமே இல்லாத தடைகளும் வரும். டெர்மினலை உடனே மூடாதீர்கள். மூடினால் தடயம் போய்விடும். கட்டளை எதற்காகக் காத்திருக்கிறது என்பதுதான் கேள்வி.

1. உண்மையில் நின்றதா?

கண்ட்ரோல்+எஸ் கைதவறிப் பட்டால் திரை அப்படியே நிற்கும். கண்ட்ரோல்+க்யூ அழுத்துங்கள், ஓடும். ‘கேட்’ கட்டளைக்குக் கோப்பின் பெயர் தராவிட்டால் நீங்கள் தட்டச்சு செய்வதற்காகக் காத்திருக்கும். கண்ட்ரோல்+டி அதை முடிக்கும்.

2. இன்னொரு டெர்மினலில் ‘பிஎஸ்’

சிக்வினின் ‘பிஎஸ்’ பட்டியலில் வரியின் தொடக்கத்தில் ‘ஐ’ இருந்தால் உள்ளீட்டுக்காகக் காத்திருக்கிறது. ‘ஓ’ என்றால் வெளியீட்டுக்காக. ‘எஸ்’ என்றால் இடைநிறுத்தப்பட்டிருக்கிறது.

3. விண்டோஸ் நிரலா?

கிட் பாஷில் விண்டோஸ் பைத்தானைக் கூப்பிட்டால் சில சமயம் எதுவுமே தோன்றாது. எதிரே இருப்பது கன்சோல் என்று அதற்குத் தெரிவதில்லை. கட்டளைக்கு முன்னால் ‘வின்பிடிஒய்’ சேர்த்துப் பாருங்கள்.

4. நெட்தானா என்று சோதியுங்கள்

கேபிளைப் பிடுங்கிவிட்டு, அல்லது வைஃபையை அணைத்துவிட்டு, அதே கட்டளையை மறுபடி கொடுங்கள். உடனே முடிந்தால், அல்லது உடனே பிழை காட்டினால், தடை நெட்வொர்க்கில்தான்.

அப்போது முதலில் பார்க்க வேண்டியது இரட்டைச் சாய்கோடு. சிக்வினில் பாதை இரண்டு சாய்கோடுகளோடு தொடங்கினால் அடுத்து வருவது நெட்வொர்க்கில் உள்ள ஒரு கணினியின் பெயர் என்று பொருள். ஸ்கிரிப்டில் ஒரு மாறிக்கு வெறும் சாய்கோட்டை மதிப்பாகத் தந்து, அதோடு ‘/பின்’ சேர்த்தால் போதும்: ‘பின்’ என்ற கணினியைத் தேடிக்கொண்டே இருக்கும். லினக்ஸில் இதே ஸ்கிரிப்ட் சிக்கலில்லாமல் ஓடும் என்பதால் யாருக்கும் சந்தேகம் வராது.

அடுத்தது, அலுவலக டொமைனில் சேர்ந்த மடிக்கணினி. பாஷ் திறக்கும்போதே பயனர், குழு விவரங்களை டொமைன் சர்வரிடம் கேட்கும். சர்வர் மெயின்லாண்டில் இருந்து, இணைப்பும் மெதுவாக இருந்தால் நேரம் பிடிக்கும். ‘எம்கேபாஸ்டபிள்யூடி’ (mkpasswd), ‘எம்கேகுரூப்’ கொண்டு விவரங்களைக் கோப்பில் எழுதி, ‘என்எஸ்ஸ்விட்ச்’ அமைப்பில் கோப்பை மட்டும் படிக்கச் சொல்லிவிடுங்கள்.

5. எந்த வரியில் நிற்கிறது?

ஸ்கிரிப்டை ‘பாஷ் -எக்ஸ்’ என்று ஓட்டுங்கள். திரையில் கடைசியாக வந்த வரிதான் ஆள். கட்டளை தொடங்கும்போதே அங்கங்கே நின்றால் ஆன்டிவைரஸைச் சந்தேகியுங்கள். ஏனென்றால், யூனிக்ஸ் புதிய செயல்முறையைத் தொடங்கப் பயன்படுத்தும் ‘ஃபோர்க்’ விண்டோஸில் கிடையாது. சிக்வின் புதிய செயல்முறையை உருவாக்கி நினைவகத்தை நகலெடுத்து அதைப் போலச் செய்கிறது. நடுவில் வேறொரு நிரல் நுழைந்தால் குழம்பிவிடும்.

6. கடைசியாக, கொல்லுங்கள்

பாஷின் சொந்த ‘கில்’ சில சமயம் போதாது. ‘/பின்/கில் -எஃப்’ என்று முழுப் பாதையோடு, ‘பிஎஸ்’ காட்டிய எண்ணைக் கொடுங்கள்.