பெண்மகவுக்கு இரண்டாம் திருநாமம்

பழனியாண்டவர் ஸந்நிதியில் குழந்தைக்கு முடியிறக்கிக் காது குத்தி வரும் குடும்பத்தார் பலர், நகரில் எழுந்தருளியிருக்கும் இலக்ஷ்மிநாராயணப் பெருமாளையும், பாலசமுத்திரத்து அகோபில வரதராஜப் பெருமாளையும் சேவித்துச் செல்வதுண்டு. பெண்மகவாயின், பெற்றோர் விரும்பிய பெயர் ஒன்றாகவும், பாட்டனார் பாட்டியார் விரும்பிய பெயர் வேறொன்றாகவும் இருத்தல் இயல்பு. இரு பெயரும் இடலாகுமா, இட்டால் ஒன்றுக்கொன்று பொருந்துமா என்னும் வினாவுக்குச் சாஸ்திரமும் ஸம்ப்ரதாயமும் கூறும் விடை ஈண்டு எழுதப்படுகிறது.

நாமகரணம் பதினாறு ஸம்ஸ்காரங்களுள் ஒன்று. ஒருவர்க்கு ஒரே பெயர்தான் என்று அது விதிக்கவில்லை. ஆபஸ்தம்ப கிருஹ்ய ஸூத்திரம், உலகோர் அழைக்கும் பெயரோடு நக்ஷத்திரத்தை ஒட்டிய பெயர் ஒன்றையும் கூறி, அதனை இரகசியமாகக் காக்கச் சொல்கிறது. பிறந்த மாதத்துக்குரிய பகவந்நாமத்தை இடும் வழக்கமும் உண்டு: மார்கழிக்குக் கேசவன், தைக்கு நாராயணன், மாசிக்கு மாதவன் என அது தொடரும். பிற்காலத்தில் ஆசார்யனிடம் பெறும் பஞ்ச ஸம்ஸ்காரத்துள் தாஸ்ய நாமமும் ஓர் அங்கம். ஆகவே இரண்டாம் பெயர் என்பது புதுநாகரிகமன்று. நம் முன்னோர் நன்கறிந்ததே.

பெண்ணின் பெயர் எவ்வாறு இருத்தல் வேண்டும்? எளிதில் உச்சரிக்கத்தக்கதாய், கடுமையற்றதாய், பொருள் தெளிந்ததாய், மனத்துக்கு இனியதாய், மங்கலமாய், நெடிலில் முடிவதாய் அமைக என்பது மனுஸ்மிருதியின் கருத்து. ஆண்மகவுக்கு இரட்டை அக்ஷரமும், பெண்மகவுக்கு ஒற்றை அக்ஷரமும் அமைய வேண்டும் என்பர் ஸூத்திரகாரர். ஈண்டு அக்ஷரம் என்பது உயிரோசையை எண்ணுவது. புள்ளியெழுத்து கணக்கில் சேராது. வடமொழி நெடிலீறு தமிழில் வரும்போது ஸீதா சீதையாகும். ஜானகீ ஜானகியாகக் குறுகும். அது குற்றமன்று.

இவ்விதியைப் பற்றி ஓர் ஐயம் எழலாம். சீதை என்பது இரண்டு அக்ஷரமாயிற்றே. உலகமாதாவின் பெயரே விதிக்கு மாறுபடுமோ? பிராட்டியின் ஏனைய பெயர்களை நோக்குக. ஜானகி, மைதிலி, வைதேஹி ஆகிய மூன்றும் மும்மூன்று அக்ஷரம். உழுசாலில் தோன்றியதால் வந்த பெயர் சீதை. தந்தையாலும் நாட்டாலும் வந்தவை மற்றவை. ஒரு பெயர் பிறப்பைச் சொல்ல, மற்றொரு பெயர் குலத்தைச் சொல்கிறது. இரண்டாம் பெயரின் பயன் இதுவே.

பழனித்தலத்துக்கு மிக அணித்தான சான்றும் உண்டு. திருமாலின் திருமகளிர் அமுதவல்லி, சுந்தரவல்லி என்பாரே முருகப்பெருமானை மணக்கத் தவமிருந்தனர் என்பது கந்தபுராண வரலாறு. அமுதவல்லி, இந்திரனின் ஐராவதம் வளர்த்தமையால் தெய்வயானை ஆனாள். சுந்தரவல்லி, வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியில் கண்டெடுக்கப்பெற்று நம்பிராஜன் குடியில் வளர்ந்தமையால் வள்ளி ஆனாள். பிறந்த இடத்துப் பெயர் ஒன்று, வளர்ந்த இடத்துப் பெயர் ஒன்று. வளர்த்தவர் இட்ட பெயரால் பெற்றவர் பெயர் அழியவில்லை. வில்லிபுத்தூரில் பெரியாழ்வார் வளர்த்த கோதையே பின்னர் ஆண்டாள் எனப் போற்றப்பெற்றாள் என்பதும் யாவரும் அறிந்ததே.

அப்பெரியாழ்வார், செல்வரை நாடி மானிடப் பெயர் இடுவதை இகழ்ந்து, எம்பெருமான் திருநாமத்தையே மக்களுக்கு இடுமாறு ஒரு பதிகம் முழுதும் அறிவுறுத்துகிறார். மகனை அழைப்பதாக எண்ணி நாராயண நாமம் சொன்ன அஜாமிளன் உய்ந்த வரலாறு பாகவதத்தின் ஆறாம் ஸ்கந்தத்தில் உள்ளது. முதற்பெயர் காலத்தை ஒட்டியதாயினும், இரண்டாம் பெயராவது பிராட்டியின் திருநாமமாயின் அப்பயன் குறையாது.

பொருத்தம் காண மூன்று நோக்கங்கள் போதும்.

முதலாவது ஓசை. முதற்பெயரின் ஈறும் இரண்டாம் பெயரின் முதலும் உயிராயின் இரண்டும் கலந்துவிடும். வித்யா என்பதோடு ஆண்டாள் சேரின் வித்யாண்டாள் என்றாகித் திருநாமத்தின் தலையெழுத்து மறையும். வித்யா வைதேஹி எனின் இரண்டும் தனித்து விளங்கும். ஈரக்ஷரத்துக்குப் பின் மூவக்ஷரமும் வந்து அமையும்.

இரண்டாவது பொருள். பத்மா, கமலா இரண்டும் தாமரையையே குறிப்பன. சேர்த்தால் கூறியது கூறலாகும். வல்லி, நாயகி முதலியவற்றைத் தனியே ஒட்டினால் பொருள் திரியும். ரங்கநாயகி, தாடிக்கொம்புத் தாயாரின் ஸௌந்தரவல்லி போன்ற முழுத் திருநாமங்களையே கொள்ளுதல் நலம். இவ்விரண்டும் ஐந்து அக்ஷரம்.

மூன்றாவது வழக்கு. மாமியாரின் பெயரை மருமகள் வாயால் சொல்லாத இல்லங்கள் இன்றும் உள. அங்கே பாட்டியின் பெயரை மட்டும் இட்டால், பெற்ற தாயே குழந்தையைப் பெயர் சொல்லி அழைக்கவியலாத நிலை வரும். அழைக்க ஒரு பெயரும், குலம் விளங்க ஒரு பெயரும் இருப்பின் இருதிறத்தார் மனமும் நிறையும்.

இக்காலத்தில் ஏட்டிலும் கருத்து வேண்டும். 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி பிறப்பை 21 நாட்களுக்குள் அறிவித்தல் வேண்டும். குழந்தையின் பெயரை 12 மாதம் வரை கட்டணமின்றியும், அதன்பின் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்துடனும் பதியலாம். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தோர்க்குப் பள்ளிச் சேர்க்கை முதலியவற்றுக்குப் பிறப்புச் சான்றிதழே ஆதாரம். எனவே பெரியோர் கூடி முடிவு செய்தபின் பதிதல் நன்று. இரு பெயரும் பதிந்தால் எல்லா ஆவணங்களிலும் ஒரே எழுத்தமைப்பைக் காக்க வேண்டும்.

பெயரின் பொருட்டு இல்லத்தில் பிணக்கு நேரின், அக்ஷரம் ஒற்றையாய் அமைந்தும் பயனில்லை. இருவர் அன்பும் ஒரு குழந்தையின் பெயரில் சேர்ந்திருத்தலே முதற்பொருத்தம். அலர்மேல்மங்கை உறை மார்பன் அருளால் மகவுகள் பெயர் விளங்கி நீடூழி வாழ்க!