குளோரின் இல்லாக் குளிர்

நுழையும்முன்

காருக்குள் நாம் நுகரும் குளிர், ஒரு வேதிப்பொருள் ஓயாமல் சுற்றிவருவதால் விளைவது. ஓசோன் படலத்தைக் காக்க அப்பொருளை மாற்றுவதென உலக நாடுகள் கூடி முடிவெடுத்தன. அம்முடிவைக் கையில் கருவியேந்திச் செயற்படுத்தியவர்கள் பட்டறைத் தொழிலாளர்கள். அவர்கள் எதிர்கொண்ட சிக்கல்களைப் பேசுகிறது இவ்வுரைநடை.

சென்னையிலிருந்து திருச்சிராப்பள்ளி செல்லும் தேசிய நெடுஞ்சாலையில், பெரம்பலூருக்கு வடக்கே ஏறத்தாழ 17 கிலோமீட்டர் தொலைவில் ரஞ்சன்குடிக் கோட்டை நிற்கிறது. 1751ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் ஒரு பக்கமும் பிரெஞ்சுக்காரர் மறுபக்கமுமாக நின்று மோதிய வாலிகண்டபுரப் போரோடு தொடர்புடைய கோட்டை இது. கத்திரி வெயிலில் இதனைக் காண வருவோர் தடித்த கல்மதிலின் நிழலில் சற்று இளைப்பாறுவர். பின்னர்க் காரில் ஏறிக் குளிர்சாதனத்தை இயக்குவர். சில வேளைகளில் குளிர்காற்றுக்கு மாறாக வெந்த காற்றே வீசும். "கேஸ் இறங்கிடுச்சு சார், அடிச்சா சரியாயிடும்" என்பார் ஓட்டுநர்.

அக்கூற்றில் பாதியே உண்மை. பெட்ரோலைப் போல் எரிந்து தீரும் பொருளன்று கேஸ். மூடிய குழாய்ச் சுற்றுக்குள் கம்ப்ரசர் அதனை அழுத்துகிறது. முன்புறக் கண்டன்சரில் அது வெப்பத்தை வெளியே விட்டு நீர்மமாகிறது. குறுகிய வால்வைக் கடந்து, கூலிங் காயிலில் ஆவியாகும்போது காருக்குள் இருக்கும் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. கேஸ் குறைந்தால் எங்கோ கசிவு இருக்கிறது என்பதே பொருள். கசிவைக் கண்டறியாமல் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதே.

நெடுங்காலம் கார்களில் சுற்றிவந்த பொருள் ஆர்-12 எனப்படும் குளோரோ ஃபுளோரோ கார்பன். அதனை உருவாக்கிய குழுவின் தலைவர் தாமஸ் மிட்ஜ்லி 1930இல் அறிஞர் அவையில் அதனை மூச்சில் உள்ளிழுத்து, வெளியே ஊதி மெழுகுவத்தியை அணைத்துக் காட்டினார். நச்சில்லை, தீப்பற்றாது என்பதற்கு அதுவே சான்றாயிற்று. ஆனால் 1974இல் மரியோ மொலினா, ஷெர்வுட் ரோலண்ட் ஆகியோர் அதன் மறுபக்கத்தைக் காட்டினர். வளிமண்டலத்தின் மேலடுக்கை அடையும் அப்பொருள் புற ஊதாக் கதிரால் சிதைந்து குளோரின் அணுவை விடுவிக்கிறது. ஓர் அணு பல்லாயிரம் ஓசோன் மூலக்கூறுகளை அழித்துவிடுகிறது. 1987 செப்டம்பர் 16இல் மாண்ட்ரியல் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. இந்தியா 1992இல் அதில் இணைந்தது. குளோரின் அறவே இல்லாத ஆர்-134ஏ கார்களுக்கு வந்தது.

பட்டறையின் இடர்ப்பாடு இங்கேதான் தொடங்குகிறது. வானில் பகையாக இருந்த குளோரின், பட்டறையில் நண்பனாக இருந்தது. கசிவைத் தேட முன்பு ஹாலைடு விளக்கைப் பயன்படுத்தினர். குழாய் இணைப்புகளின் அருகே அதனைக் கொண்டு சென்றால், கசியும் இடத்தில் நீலச்சுடர் பச்சையாக மாறும். அந்நிறமாற்றத்துக்குக் காரணம் குளோரின். ஆர்-134ஏ எவ்வளவு கசிந்தாலும் சுடர் நிறம் மாறாது. நேற்றுவரை உண்மை உரைத்த விளக்கு இன்று ஊமையாகிவிட்டது. மின்னணுக் கருவியோ, புற ஊதா ஒளியில் ஒளிரும் சாயமோ வாங்கியாக வேண்டும். சிறு பட்டறைக்கு இது எளிய செலவன்று.

கசிவின் தன்மையும் மாறியது. ஆர்-12இன் மூலக்கூறு நிறை 121, ஆர்-134ஏவினுடையது 102. பழைய ரப்பர்க் குழாயின் வழியே புதியது எளிதில் ஊடுருவிச் செல்லும். ஆகவே உள்ளே நைலான் பூச்சுடைய குழாய்களும், வேறு வகை ரப்பரால் ஆன ஓ-ரிங்குகளும் தேவைப்பட்டன.

எண்ணெயின் கதை இன்னும் நுட்பமானது. கம்ப்ரசருக்கு உயவு தரும் எண்ணெய் கேஸோடு கலந்தே சுற்றிவர வேண்டும். ஆர்-12 உடன் கனிம எண்ணெய் நன்கு கலந்தது. ஆர்-134ஏ உடன் அது கலப்பதில்லை. குழாய்களிலேயே தேங்கிவிட, கம்ப்ரசர் வறண்டு தேயும். நான் பணியில் சேர்ந்த புதிதில், நண்பர் ஒருவரின் பழைய காரில் எண்ணெயை மாற்றாமல் புதிய கேஸை மட்டும் நிரப்பிக் கொடுத்தனர். ஒரு கோடை முடிவதற்குள் கம்ப்ரசர் இறுகி நின்றுவிட்டது. புதிய கேஸுக்கு உரிய 'பேக்' எண்ணெயோ காற்றிலுள்ள ஈரத்தை விரைந்து உறிஞ்சும் இயல்புடையது. டப்பாவைத் திறந்து வைத்துவிட்டுத் தேநீர் அருந்திவரும் பழக்கம் இனி உதவாது.

புகுந்த ஈரத்தை எவ்வாறு வெளியேற்றுவது? வேக்குவம் பம்பினால் குழாயிலுள்ள அழுத்தத்தைக் குறைத்தால் நீர் அறைவெப்பநிலையிலேயே கொதித்து ஆவியாகும். 30 டிகிரி செல்சியசில் இது நிகழ, 760 மில்லிமீட்டர் பாதரச அளவிலுள்ள வளியழுத்தத்தை 32 மில்லிமீட்டருக்கும் கீழே இறக்க வேண்டும். இயற்பியல் பாடத்தில் படிக்கும் கொதிநிலை விதி இங்கே பட்டறையில் பணி செய்கிறது. வாடிக்கையாளரின் அவசரத்துக்காகப் பம்பை ஐந்து நிமிடத்தில் நிறுத்தினால், எஞ்சிய ஈரம் வால்வில் பனிக்கட்டியாகி அடைக்கும்.

முன்பு, அனுபவமிக்க மெக்கானிக் சிறு கண்ணாடித் துளையின் வழியே நீர்மத்தின் ஓட்டத்தைப் பார்ப்பார். குமிழிகள் மறைந்ததும் நிரப்புவதை நிறுத்துவார். ஆர்-134ஏவில் அளவு சரியாக இருக்கும்போதும் குமிழி தோன்றலாம். கண்ணை நம்பி மேலும் நிரப்பினால் அழுத்தம் எல்லை மீறும். 60 டிகிரி வெப்பநிலையில் ஆர்-12இன் அழுத்தம் ஏறத்தாழ 15 பார். ஆர்-134ஏவினுடையது 17 பார். பெரம்பலூர்க் கோடையில் இவ்வேறுபாடு சிறிதன்று. எனவே கேஸைத் தராசில் வைத்து, கிராம் கணக்கில் நிறுத்தே நிரப்ப வேண்டும். பல்லாண்டுக் கைப்பழக்கத்தைத் தராசிடம் ஒப்படைக்க எந்தத் தொழிலாளிக்கும் மனம் எளிதில் வராது. அதனைப் பிடிவாதம் என்று பழிப்பது முறையன்று. கற்றுத்தர ஆள் வேண்டும். 2004 முதல் மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் ஓசோன் பிரிவு வழியே பழுதுநீக்குநர்களுக்குப் பயிற்சிகள் நடந்தன. 2008 ஆகஸ்டில் இந்தியா குளோரோ ஃபுளோரோ கார்பன் உற்பத்தியை நிறுத்தியது; மருத்துவ உறிஞ்சுமருந்துக் குப்பிகளுக்கு மட்டும் விலக்கு இருந்தது.

குறுக்குவழி தேடியவர்களும் உண்டு. விலை மலிவு என்று புரோப்பேன், பியூட்டேன் கலந்த வாயுக்களைப் பழைய கார்களில் நிரப்பினர். அவை குளிரூட்டும் என்பது மெய்தான். ஆனால் கூலிங் காயில் இருப்பது பயணிகளின் காலருகே; அங்கே கசிந்தால் ஒரு தீப்பொறி போதும்.

ஓசோனுக்குத் தீங்கிழைக்காத ஆர்-134ஏ புவியைச் சூடாக்குவதில் வலியது. ஒரு கிலோ ஆர்-134ஏ, நூறாண்டுக் கணக்கில் 1430 கிலோ கரியமில வாயுவுக்கு இணை. காரிலுள்ள அரைக் கிலோவைக் காற்றில் திறந்துவிடுவது ஏறத்தாழ 300 லிட்டர் பெட்ரோலை எரிப்பதற்கு ஒப்பாகும். இத்தகைய பொருள்களைக் குறைக்க 2016இல் ருவாண்டாவின் கிகாலி நகரில் திருத்தம் நிறைவேறியது. இந்தியா 2021இல் அதனை ஏற்றது. 2032 முதல் படிப்படியாகக் குறைத்து 2047இல் 85 விழுக்காடு குறைப்பை எட்ட வேண்டும். இப்பாடத்தைப் படிப்போர் அன்று நாற்பது வயதை நெருங்கியிருப்பர்.

அடுத்து வந்துள்ள ஆர்-1234ஒய்எஃப் காற்றில் சில நாள்களிலேயே சிதைந்துவிடும். விலையோ மிகுதி, மெல்லத் தீப்பற்றும் இயல்பும் உண்டு. அதற்கென மீட்புக் கருவியும், காற்றோட்டமுள்ள பணியிடமும், புதிய இணைப்பு வாய்களும் வேண்டும். எஞ்சிய கேஸைச் 'சூ'வென்று வெளியே விடுவதற்கு ஒரு நிமிடம் போதும். கருவியில் உறிஞ்சி உருளையில் சேர்ப்பதற்குக் கூடுதல் நேரமாகும். அதற்கான கூலியைத் தர வாடிக்கையாளரும் இசைய வேண்டும்.