ஒரு படம் போதும்

போர்ட்டபிள் எக்ஸ்-ரே மெஷினைப் பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் தள்ளிக்கொண்டு வந்தாலே அம்மாக்களின் முகம் மாறிவிடும். "சிஸ்டர், நேத்தும் எடுத்தீங்களே, பாப்பாவுக்கு ஒண்ணும் ஆகாதா?" என்பார்கள். நியாயமான கேள்வி. இந்தக் குழந்தைகளின் செல்கள் வேகமாகப் பெருகுபவை. முன்னால் ஓர் ஆயுளே இருக்கிறது. பெரியவர்களைவிட இவர்கள் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும்தான். ஆனால் முறையாக எடுத்த ஒரு நெஞ்சு எக்ஸ்-ரேயில் சேரும் கதிர்வீச்சு பெரும்பாலும் 0.02 மில்லிசீவர்ட் அளவுதான். மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் இயற்கையாகவே நமக்கு ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் வந்து சேர்கிறது. அந்தக் கணக்கில் இது மூன்று நாள் அளவு. அம்மாக்களிடம் இதை இப்படியே சொல்லிவிடுவேன்.

என் கவலை வேறு. குறைமாதக் குழந்தைக்குப் பல படங்கள் தேவைப்படும். அவற்றில் சரியில்லாமல் திரும்ப எடுத்தவை எத்தனை? அதைத் தடுப்பது பெரிதும் நர்ஸின் கையில் இருக்கிறது.

முதலில் தலை. மூச்சுக்குழாய் போட்ட குழந்தையின் தாடை நெஞ்சை நோக்கிக் குனிந்தால் டியூப் கீழே இறங்கும். கழுத்து பின்னால் சாய்ந்தால் மேலேறும். கோணலாக எடுத்த படத்தை நம்பி, சரியாக இருந்த டியூபை நகர்த்துவார்கள். அதைப் பார்க்க இன்னொரு படம். அதனால் தலையை நேராக்கி, இடுப்பும் தோளும் திரும்பாமல் பார்த்து, ஈ.சி.ஜி. வயர்களையும் வெப்பநிலை ப்ரோபையும் நெஞ்சிலிருந்து ஒதுக்கிய பிறகே டெக்னீஷியனுக்குத் தலையசைப்பேன். குழந்தைக்கு அடியில் வைக்கும் எக்ஸ்-ரே கேசட்டின் குளிர்ச்சி உடம்பில் பட்டாலே குழந்தை நெளியும். ஒரு துணி விரித்தால் போதும்.

அடுத்தது, கதிர் விழும் இடத்தைக் காட்டும் வெளிச்சக் கட்டம். நெஞ்சுப் படத்துக்குத் தாடைக்குக் கீழிருந்து விலா எலும்பு முடியும் இடம்வரை போதும். கட்டம் தலையையும் தொடையையும் சேர்த்துப் பிடித்திருந்தால், "அண்ணா, கொஞ்சம் குறைச்சுக்கோங்க" என்று கேட்கத் தயங்கக் கூடாது. டிஜிட்டலில் அப்புறம் கம்ப்யூட்டரில் வெட்டிக்கொள்ளலாம். படம் அழகாக இருக்கும், ஆனால் வயிற்றில் விழுந்த கதிர் விழுந்ததுதான். இடுப்பில் ஈயத் துண்டு வைக்கும் பழக்கம் இன்னும் சில இடங்களில் உண்டு. அது தேவையில்லை என்று அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் 2019-லேயே சொல்லிவிட்டது. கட்டத்தைச் சுருக்குவதே பாதுகாப்பு.

டியூப், தொப்புள் லைன் எல்லாம் போட்டு முடித்தபின் ஒரே படமாக எடுக்க முடியுமா என்று டாக்டரிடம் கேட்பேன். சிலவற்றை எக்ஸ்-ரே இல்லாமலேயே பார்க்கலாம். நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்த சந்தேகம் என்றால், விளக்கை அணைத்துக் குளிர் ஒளி டார்ச்சை நெஞ்சில் வைத்தால் காற்று சேர்ந்த பக்கம் சிவந்து பரவலாக ஒளிரும். மூளையில் ரத்தக்கசிவா என்பதை உச்சிக்குழி வழியாக அல்ட்ராசவுண்டிலேயே பார்க்கலாம், கதிரே கிடையாது.

படம் எடுக்கும்போது எல்லோரும் வெளியே ஓடுவது எனக்குப் பிடிக்காது. இரண்டு மீட்டர் தள்ளி நின்றால், ஒரு மீட்டரில் இருப்பதில் கால் பங்குதான் சிதறும் கதிர். குழந்தையைப் பிடிக்க வேண்டியவர் ஈய ஏப்ரன் போட்டு, கையைக் கட்டத்துக்கு வெளியே வைத்துக்கொண்டால் போதும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை: தேவையான எக்ஸ்-ரேயைப் பயந்து மறுக்காதீர்கள். "இந்தப் படத்துல எதைப் பார்க்கப்போறீங்க, டாக்டர்?" என்று தாராளமாகக் கேளுங்கள். பதில் சொல்வது எங்கள் கடமை.